அந்தாதியும் மீயிணைப்பும்: திருக்கடையூர் முதல் பிராண்டே வரை பனுவல்களின் தொடர்பு

முன்னுரை

ஒரு பனுவல் இன்னொரு பனுவலோடு எவ்வாறு தொடர்பு கொள்கிறது என்னும் வினா, அண்மைக் காலத் திறனாய்வில் இரண்டு வழிகளில் எழுப்பப்பட்டுள்ளது. ஒன்று இலக்கியக் கோட்பாட்டின் வழி. 1960களின் பிற்பகுதியில் யூலியா கிறிஸ்தேவா பனுவலிடை உறவு என்னும் கருத்தை முன்வைத்தார். ஜெரார் ஜெனெத் 1982இல் அவ்வுறவின் வகைகளை விரித்துரைத்தார். மற்றொன்று கணினியின் வழி. 1965இல் தியோடர் நெல்சன் மீயுரை என்னும் சொல்லைப் படைத்தார். 1989இல் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பேர்ணர்ஸ்-லீ முன்வைத்த திட்டம் அக்கருத்தை உலக நடைமுறையாக்கியது. இவ்விரு வழிகளும் சந்திக்கும் இடத்திலேயே இன்றைய எண்ணிமப் பதிப்புகள் உருவாகின்றன.

தமிழ்ப் பனுவல் மரபு இவ்வினாவை நெடுங்காலத்துக்கு முன்பே எதிர்கொண்டது. தொல்காப்பிய மரபியல் நூலை முதனூல், வழிநூல் எனப் பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. நன்னூல் சார்புநூலையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரு நூல் எதை வழிமொழிகிறது, எங்கு வேறுபடுகிறது என்பதை அறியாமல் அந்நூலை அறிந்ததாகாது என்பது இப்பாகுபாட்டின் உட்கோள். இக்கட்டுரை, டென்மார்க்கின் பிராண்டே நகரில் அபிராமி என்னும் பெயர் நிலைகொண்டிருப்பதைத் தொடக்கமாகக் கொண்டு, தமிழ் மரபு பனுவல்களை இணைத்த முறைகளை மீயிணைப்போடு ஒப்பிட்டு ஆராய்கிறது. இணைப்பை யார் சுமக்கிறார், அது அறுபடும்போது அறுபட்டதை யார் உணர்கிறார் என்பனவே ஆய்வின் மைய வினாக்கள்.

பிராண்டேயும் ஒரு பெயரின் சுட்டும்

பிராண்டே, யூலாந்துக் குடாநாட்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 7,000 பேர் வாழும் சிறு நகரம். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து ஏதிலிகளாக வந்த தமிழர் பலர் ஹேர்னிங், ஹொல்ஸ்டப்றோ, பிராண்டே போன்ற யூலாந்து நகரங்களில் குடியேறினர். ஹேர்னிங்கில் சித்தி விநாயகர் ஆலயமும் பிராண்டேயில் அபிராமி அம்மன் ஆலயமும் எழுந்தன. பிராண்டே ஆலயம் ஒரு பெண்மணியின் அருள்நிலை வழிபாட்டை மையமாகக் கொண்டு வளர்ந்தது. ஓர்ஹூஸ் பல்கலைக்கழகச் சமய ஆய்வாளர் மரியான் குவோர்ட்ரப் ஃபிபிகர், டென்மார்க் வாழ் இலங்கைத் தமிழ் இந்துக்களைப் பற்றிய தம் ஆய்வுகளில் இவ்வாலயத்தையும் எடுத்துக்கொண்டுள்ளார். அவ்வாய்வுகளின் அக்கறை சமயமும் புலம்பெயர்வும். இக்கட்டுரையின் அக்கறை அப்பெயர் சுட்டும் பனுவல்.

தமிழ் வாசகர் ஒருவருக்கு அபிராமி என்னும் பெயர் வெறும் பெயராக நிற்பதில்லை. அது திருக்கடையூரைச் சுட்டுகிறது. திருக்கடையூர், அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். சிவன் மார்க்கண்டேயனுக்காகக் கூற்றுவனை உதைத்த வீரட்டானம். அப்பெயர் அபிராமி பட்டரையும் அவர் இயற்றிய அந்தாதியையும் உடன் அழைத்துவருகிறது. அமாவாசை நாளைப் பௌர்ணமி என்று மன்னனிடம் சொன்ன பட்டர், தம் சொல்லை மெய்ப்பிக்குமாறு அம்மையைப் பாடினார் என்பதும், 79ஆம் பாடலில் அம்மையின் தோடு நிலவாய்த் தோன்றியது என்பதும் வழிவழி வரும் கதை. பெயர்ப்பலகையிலுள்ள ஒரு சொல் தலத்தையும் தேவாரத்தையும் புராணத்தையும் சிற்றிலக்கியத்தையும் ஒருங்கே திறந்துவிடுகிறது. இலக்கியச் சுட்டின் இயல்பு இதுவே. எழுத்தில் இடம்பெறுவது சிறிது. வாசகரின் நினைவு நிரப்புவது பெரிது.

இச்சுட்டுக்கு டேனிய வரலாற்றிலும் எதிர்பாராத ஒரு பின்புலம் உண்டு. திருக்கடையூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரங்கம்பாடியில், தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனியர் கால்கொண்டனர். 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1708இல் அவற்றுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அவ்வூர் அச்சகத்திலேயே அச்சேறியது. தரங்கம்பாடிப் பணியாளர்களின் வழியே தமிழ் ஏடுகள் ஹாலே நகருக்கும் கோப்பன்ஹேகன் அரச நூலகத்துக்கும் சென்றன. 1845இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றனர். பட்டரின் கதை சார்த்தப்படும் முதலாம் சரபோஜியின் ஆட்சிக்காலம் 1712 முதல் 1728 வரை. அம்மரபை ஏற்றால், ஒரே கரையில், ஒரே காலப்பகுதியில், ஓரிடத்தில் தமிழ் அச்சேறியது. அருகில் அந்தாதி பாடப்பட்டது. அன்று டென்மார்க் சென்றது ஏடு. இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து யாழ்ப்பாணத்தின் வழியாகச் சென்றது பாட்டும் பெயரும். ஏடு நூலகத்தில் எண்ணிடப்பட்டது. பாட்டு மனிதரோடு சென்றது. பனுவல் பயணம் செய்யும் இவ்விரு முறைகளின் வேறுபாடு பின்வரும் ஆய்வுக்கு அடிப்படையாகிறது.

அந்தாதி: இருபுறமும் அறிந்த இணைப்பு

அந்தமும் ஆதியும் சேர்ந்தது அந்தாதி. ஒரு செய்யுளின் இறுதியிலுள்ள எழுத்தோ அசையோ சீரோ அடியோ அடுத்த செய்யுளின் முதலாக வருவது அதன் இலக்கணம். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து இவ்வாறு தொடுக்கப்பட்டது. காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதியும், பொய்கையார், பூதத்தார், பேயார் ஆகிய முதலாழ்வார் மூவரின் திருவந்தாதிகளும் இம்முறையைப் பத்தி இலக்கியத்தில் நிலைநிறுத்தின. நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1,102 பாசுரங்களையும் ஒரே தொடராக்கியது. காரைக்கால், தரங்கம்பாடி, திருக்கடையூர் ஆகிய மூன்றும் ஒரே கடற்கரைப் பகுதியில் அடுத்தடுத்து அமைந்தவை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இறுதிச் செய்யுளின் முடிவு முதற்செய்யுளின் தொடக்கத்தோடு சென்று சேர்வதை யாப்பிலக்கணத்தார் மண்டலித்தல் என்பர். அபிராமி அந்தாதி மண்டலித்து வருவது. செங்கதிரின் உதயத்தைக் குறிக்கும் சொல்லில் தொடங்கும் அது, நூறாம் பாடலின் முடிவில் அச்சொல்லுக்கே மீள்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. கதையின்படி நிலவு 79ஆம் பாடலில் தோன்றிவிடுகிறது. மன்னனின் ஐயம் அங்கே தீர்ந்துவிடுகிறது. ஆயினும் நூல் அங்கு நிற்கவில்லை. வட்டம் மூடாத அந்தாதி நிறைவடையாது என்பதால் பாட்டு நூறு வரை செல்கிறது. நிகழ்ச்சியின் நெருக்கடியை விட இணைப்பின் நிறைவே அந்நூலின் உருவத்தை வரையறுத்துள்ளது. கதை மரபும் இதை வேறொரு வகையில் உணர்த்துகிறது. தீயின் மேல் நூறு கயிறுகளால் தொங்கிய உறியில் பட்டர் நின்றார் எனவும், ஒவ்வொரு பாடல் முடிந்ததும் ஒரு கயிறு அறுக்கப்பட்டது எனவும் அது சொல்கிறது. உடலைத் தாங்கிய கட்டு ஒவ்வொன்றாக அறுபட, பாட்டின் கட்டு ஒவ்வொன்றாகச் சேர்கிறது.

இணையத்தின் மீயிணைப்போடு ஒப்பிடும்போது அந்தாதி இணைப்பின் தனித்தன்மை தெளிவாகிறது. நெல்சன் எண்ணிய மீயுரையில் இணைப்பு இருவழியானது. எந்தப் பனுவல் தன்னைச் சுட்டுகிறது என்பதைச் சுட்டப்பட்ட பனுவலும் அறியும். நடைமுறைக்கு வந்த வலையில் இணைப்பு ஒருவழியானது. சுட்டுவோர் யாருடைய இசைவும் இன்றிச் சுட்டலாம். வலையின் விரைந்த பரவலுக்கு இவ்வெளிமை பெரிதும் உதவியது. அதற்குக் கொடுத்த விலை, சுட்டப்பட்ட பக்கம் நீங்கினாலும் சுட்டும் பக்கம் மாறாமல் இருப்பது. அழுத்திப் பார்க்கும் வரை அறுந்த இணைப்பும் அறாத இணைப்பும் ஒன்றுபோலவே தோன்றும்.

அந்தாதியில் இணையும் சொல் இரு செய்யுள்களுக்கும் உரியது. ஒரு செய்யுள் தொலைந்தால் முன்னதன் முடிவும் பின்னதன் தொடக்கமும் பொருந்தாமல் நிற்கும். கேட்பவரின் செவி உடனே அதை உணரும். அபிராமி அந்தாதியின் யாப்பாகிய கட்டளைக் கலித்துறை இதற்கு இன்னுமொரு காவலாகிறது. ஒற்று நீக்கி எண்ணும்போது, நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு எழுத்தும் என்பது அதன் கணக்கு. எழுத்து ஒன்று கூடினும் குறையினும் கணக்கு பிழைக்கும். ஓலையில் எழுதி மனத்தில் சுமந்த ஒரு பண்பாடு, பனுவல் சிதைந்ததைப் பனுவலே அறிவிக்கும் ஏற்பாட்டைச் செய்யுளின் உறுப்பாக்கிக்கொண்டது.

மேற்கோள்: வகை அறிந்த இணைப்பு

அந்தாதி ஒரு நூலுக்குள் நிகழும் இணைப்பு. நூலுக்கும் நூலுக்கும் இடைப்பட்ட இணைப்பை மேற்கோள் காட்டுகிறது. மணிமேகலையின் சிறைசெய் காதையில் திருக்குறளின் 55ஆம் குறள் எடுத்தாளப்படுகிறது. அதை இயற்றியவர் பெயர் சுட்டப்படாமல் புகழ்மொழியால் குறிக்கப்படுகிறார். அம்மேற்கோள் இடம்பெறும் சூழலே திறனாய்வுக்கு உரியது. இளவரசனால் துன்புற்ற மருதி என்னும் பார்ப்பனப் பெண் தான் செய்த பிழை யாது என வினவ, சதுக்கப்பூதம் அக்குறளை அவளுக்கு நினைவூட்டுகிறது. குறளில் புகழ்ச்சியாக நின்ற கருத்து, காப்பியத்தில் துன்புற்றவளிடமே குறை காணும் அளவுகோலாகிறது. சொற்கள் மாறவில்லை. பேசுபவரும் கேட்பவரும் மாறியதால் சொல்லின் வேலை மாறிவிட்டது. இரு பனுவல்களும் தொடர்புடையன என்று மட்டும் காட்டும் இணைப்பு இங்குப் போதாது. எதற்காகத் தொடர்புபடுத்தப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

உரையாசிரியர்கள் இத்தேவையை நன்கு அறிந்திருந்தனர். இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டு, கருத்துக்கு ஒப்புமை, பிறர் கொள்கைக்கு மறுப்பு, பாடத்துக்குச் சான்று என ஒவ்வொரு மேற்கோளும் ஒரு பணியோடு வருகிறது. ஆயினும் மேற்கோளின் இருப்பிடத்தை அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. பிறரும் இவ்வாறு கூறினர் என்னும் வாய்பாட்டோடு நிறுத்திக்கொள்வர். அப்பிறர் யார் என்பது மாணவருக்குத் தெரிந்திருக்கும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. இருப்பிடம் நினைவில் இருந்தது. வகை எழுத்தில் இருந்தது.

நினைவு அறுபட்ட காலத்தில் என்ன நிகழும் என்பதற்கு உ. வே. சாமிநாதையரின் பணி சான்று. சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையைப் பதிப்பிக்க முனைந்தபோது, அவ்வுரையில் கண்ட மேற்கோள்கள் பல அவர் அறியாத நூல்களிலிருந்து வந்தவை. அம்மேற்கோள்களின் மூலத்தைத் தேடிய தேட்டமே சங்க நூல்களை நோக்கி அவரைச் செலுத்தியது. 1887இல் சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என அவர் பதிப்புகள் வெளிவந்தன. அடிக்குறிப்புகளில் ஒப்புமைப் பகுதிகளை நூற்பெயரோடும் எண்ணோடும் அவர் தந்தார். உரைகாரர் நினைவுக்கு விட்டுவைத்த இருப்பிடம் இவ்வாறு எழுத்துக்கு வந்தது. அறுந்த இணைப்பு இங்கே பயனற்றுப் போகவில்லை. இல்லாத ஒன்றை உண்டு என்று அது தொடர்ந்து சுட்டிக்கொண்டிருந்தது. வளையாபதி, குண்டலகேசி, தகடூர் யாத்திரை ஆகியவற்றை இன்று அறிய முடிவதும் பிற நூல்கள் அவற்றிலிருந்து எடுத்துவைத்த பகுதிகளால்தான்.

யாழ்ப்பாணத்துப் புராணபடனம்

பிராண்டேக்கு வந்த தமிழரின் பனுவல் மரபை எண்ணும்போது உரைமரபின் வாய்மொழி வடிவத்தையும் கருத வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படிக்கப்படும்போது ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். பயன் சொல்பவர் பொருள் விரிப்பதோடு அமைவதில்லை. திருமுறையிலிருந்தும் குறளிலிருந்தும் பிற புராணங்களிலிருந்தும் இடத்துக்கு ஏற்றவற்றை எடுத்து வைப்பார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கந்தபுராண கலாசாரம் என்று குறித்த பண்பாட்டின் நடைமுறை இது.

பயன் சொல்பவர் எல்லாத் தொடர்புகளையும் சொல்வதில்லை. அன்றைய அவையை நோக்கி ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை விடுகிறார். அத்தேர்வுக்கு அவரே பொறுப்பு. பொருந்தாத மேற்கோளை அவையிலிருக்கும் முதியவர் ஒருவர் மறுக்கலாம். இணைப்பு என்பது இங்கே ஒரு திறனாய்வுச் செயல். செய்தவர் யார் என்பது தெரியும். ஏற்கவும் மறுக்கவும் அவை இருக்கிறது.

போரும் புலப்பெயர்வும் இவ்வவையைக் கலைத்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதில் சுட்டப்படும் நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அதன்பின் சுட்டுவோரும் சிதறினர். நூல் அழிந்தால் மேற்கோள் அதைச் சிறிதேனும் காக்கும் என்பதற்குச் சான்று உண்டு. மேற்கோள் சொல்வோரும் சிதறிய நிலைக்கு மரபில் ஆயத்தமான விடை இல்லை.

இழப்பின் படிநிலை

புலம்பெயர் சூழலில் அந்தாதியை ஓதும் இளைய தலைமுறையினர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். டேனிய மொழியில் கல்வி கற்று, தமிழை வீட்டில் பேசி, பாடலை உரோம எழுத்தில் எழுதிவைத்து ஓதுபவராக அவர் இருக்கக்கூடும். அவருக்கு முதலில் விட்டுப்போவது புராணச் சுட்டு. கரும்பு வில்லும் மலர்க்கணையும் மன்மதனை நினைவூட்டுவதும், அவை அம்மையின் கையில் இருப்பதன் பொருளும் விளக்கமின்றி எட்டா. அடுத்து விட்டுப்போவது உரைவழி வரும் தொடர்பு. கி. வா. ஜகந்நாதனும் கண்ணதாசனும் அந்தாதிக்கு எழுதிய விளக்கங்கள் அவர் கைக்கு எட்டினாலும், அவ்விளக்கங்கள் எடுத்தாளும் நூல்கள் மீண்டும் அந்நியமாகவே இருக்கும். இறுதி வரை எஞ்சுவது ஒலியின் இணைப்பு. எந்த எழுத்தில் எழுதினாலும் ஒரு பாடலின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தை நாவுக்குத் தந்துவிடும். பொருள் விளங்காத இடத்திலும் வரிசை பிறழாது.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், நினைவை முற்றிலும் நம்பிய இணைப்பு முதலில் அறுகிறது. செய்யுளின் உடலில் பொறிக்கப்பட்ட இணைப்பு நெடுநாள் நிற்கிறது. எண்ணிமப் பதிப்பாளர் கருத வேண்டிய படிநிலை இதுவே. தானே நிற்க வல்லதை எந்திரம் காக்க வேண்டியதில்லை. முதலில் அறுவதற்கே முதலில் துணை வேண்டும்.

எண்ணிம நூலகங்கள் காத்ததும் விட்டதும்

புலம்பெயர் தமிழர் இத்துறையில் ஆற்றிய பணி பெரிது. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களைத் தட்டெழுதி உலகெங்கும் கிடைக்கச் செய்தது. 2005இல் தொடங்கிய நூலகம், ஈழத்து எழுத்துகளை எண்ணிம வடிவில் காத்துவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழக நூலகம் உரைகளையும் தேடும் வசதியையும் தருகிறது. இவை இல்லாதிருந்தால் பிராண்டே போன்ற நகரில் ஒரு சங்கப் பாட்டைப் படிப்பதற்கே பெரிய நகர நூலகத்தை நாட வேண்டியிருந்திருக்கும்.

எனினும் இம்முயற்சிகளில் முதலிடம் பெற்றது மூலபாடம். தட்டெழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை உரையின்றி, அடிக்குறிப்பின்றி அமைந்த மூலங்கள். சாமிநாதையர் எழுத்துக்குக் கொண்டுவந்த இருப்பிடங்கள் தட்டெழுத்தில் மீண்டும் நீங்கின. கருவியின் இயல்பே இணைப்பாக இருக்க, அக்கருவிக்குள் தமிழ் நூல்கள் இணைப்பு நீக்கப்பட்டு நுழைந்தது ஒரு முரண்.

தேடும் வசதி இக்குறையை நிறைவு செய்துவிடும் என்ற கருத்து நிலவுகிறது. அது முழுமையாக ஏற்கத்தக்கதன்று. தேடல் ஒத்த எழுத்தைக் காணும். சுட்டு பெரும்பாலும் வேறு எழுத்தில் வரும். கூற்றுவனை உதைத்த செய்தியைக் காலன், நமன், மறலி எனப் பல சொல்லாலும், தாளைக் கூறியோ மார்க்கண்டேயனைக் கூறியோ அன்றி அவ்விரண்டையும் கூறாமலோ புலவர் குறிக்கலாம். புணர்ச்சியில் திரிந்த சொல் தேடலுக்கு அகப்படாமல் நழுவும். அகப்பட்டாலும், மருதியிடம் சொல்லப்பட்ட குறளுக்கும் அறத்துப்பாலிலுள்ள குறளுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டைத் தேடல் சொல்லாது. எழுத்து ஒன்று, பணி வேறு என்பதை மனிதரே அறிவிக்க வேண்டும்.

எனவே எண்ணிமப் பதிப்புக்கு மூன்று கடமைகள் உள. முதலாவது, உரைகளிலும் பழம்பதிப்புகளின் அடிக்குறிப்புகளிலும் உள்ள மேற்கோள் இணைப்புகளை மூலத்தோடு சேர்த்து உள்ளிடுதல். பழைய உரைகள் எவர் உடைமையும் அல்ல. வேண்டுவது உழைப்பு ஒன்றே. இரண்டாவது, ஒவ்வோர் இணைப்புக்கும் அதன் வகையைக் குறித்தல். எடுத்துக்காட்டு, ஒப்புமை, மறுப்பு, பாடச்சான்று, புராணக் குறிப்பு என்னும் பழைய பாகுபாடே இதற்குப் பெரிதும் போதும். மூன்றாவது, இணைத்தவர் பெயரை இணைப்போடு நிறுத்துதல். நச்சினார்க்கினியர் காட்டிய தொடர்பும் இன்றைய தன்னார்வலர் காட்டும் தொடர்பும் ஒரே நிறக் கோடாகத் திரையில் தோன்றினால், எதை ஏற்பது எதை ஐயுறுவது என்று வாசகருக்குத் தெரியாது. குறள் பக்கத்தில் நின்று மணிமேகலையைக் காணவும், மணிமேகலையில் நின்று குறளைக் காணவும் இணைப்பு இருவழியாக அமைதல் நன்று.

அளவு என்பதும் இங்கு வேண்டும். சொல்தோறும் இணைப்பு வைத்த பனுவல் வாசிப்பை ஒழுக விடாது. பயன் சொல்பவர் தேர்ந்தது போலப் பதிப்பாளரும் தேர வேண்டும். விட்டதற்கும் அவர் பொறுப்பேற்க வேண்டும்.

முடிவுரை

மீயிணைப்பு பனுவலின் இருப்பிடத்தை அறியும். தொடர்பின் இயல்பை அறியாது. உரைமரபு இயல்பை அறிந்து, இருப்பிடத்தை நினைவுக்கு விட்டது. அந்தாதி அவ்விரண்டையும் செய்யுளுக்குள்ளேயே கட்டியது. ஆனால் தன் வட்டத்துக்கு வெளியே உள்ள பனுவல்களுக்கு அக்காவல் எட்டவில்லை. இம்மூன்றில் எதுவும் தனித்துப் போதாது என்பதைப் புலம்பெயர் சூழல் தெளிவாக்குகிறது. பிராண்டேயில் அபிராமி என்னும் பெயர் தொடர்ந்து சொல்லப்படும் என்பதில் ஐயமில்லை. அப்பெயர் திருக்கடையூரையும், தேவாரத்தையும், நூறு பாடல்களையும், அவற்றுக்கு உரை கண்டோரையும் இன்னும் ஒரு தலைமுறைக்குச் சுட்டிக்கொண்டிருக்குமா என்பது, அவ்வுரைகளை இன்று உள்ளிடுவோரின் கையில் இருக்கிறது. பயன் சொல்வாரின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் உடனிருக்கும்போதே இப்பணி தொடங்கப்படல் வேண்டும். எந்த இணைப்பு எதற்காக என்று கேட்டால் சொல்ல வல்லவர்கள் அவர்களே.